தொப்பை மாமாவை நிமிர்த்தி அனுப்பக் கோரி

அனுப்புநர்:
மழலையர் பள்ளி மஞ்சள் வகுப்பில் படிக்கும் ஐந்து வயதுச் சிறுமியின் தகப்பன்,
லிஃப்ட் மெக்கானிக்,
பேருந்துப் பணிமனைக்குப் பின்புறத் தெரு,
மூன்றாவது மாடி.

பெறுநர்:
உயர்திரு ஆய்வு அலுவலர் அவர்கள்,
மழலையர் பள்ளிகள் பிரிவு,
கல்வி அலுவலகம்.

பொருள்: தங்கள் அலுவலகப் பொருளறையில் வைக்கப்பட்டுள்ள 'தொப்பை மாமா' எனப்படும் பொம்மையை ஒரு நாளைக்கு மட்டும் பள்ளிக்குத் திருப்பி அனுப்புவது – அது இல்லாததால் என் மகள் உணவு உண்ண மறுப்பது – மிக அவசரம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகக் கீழ்த்தளத்தில் இருக்கும் எழுத்தர், "பத்தி பத்தியா நம்பர் போட்டு எழுதுங்க சார், கதை மாதிரி எழுதினா ஐயா படிக்க மாட்டார்" என்று அறிவுறுத்தினார். அவர் சொற்படி எண்ணிட்டே எழுதுகிறேன். ஆனால் நடந்தது என்னவோ கதையாகத்தான் நடந்திருக்கிறது. எண்ணுக்குள் அடங்காமல் எங்காவது வழிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. நான் லிஃப்ட் குழிக்குள் கம்பிவடத்தோடு கம்பிவடமாகத் தொங்கி வேலை செய்கிறவன். அங்கே மேலே பார்த்தாலும் இருட்டு, கீழே பார்த்தாலும் இருட்டு. அதில் எனக்குப் பயம் வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பழகிவிட்டது. அப்படிப்பட்டவனுக்கு இப்போது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணத்தை வைப்பதற்குள் இரண்டு முறை மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. இம்மனுவில் மற்றது எது மறந்தாலும் இந்த ஒரு வரியை மட்டும் தாங்கள் நினைவில் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

3. மேற்படி பொம்மை தங்கள் பதிவேட்டில் 'துணிப் பொம்மை, பெரியது, அழுக்கடைந்தது' என்று குறிக்கப்பட்டுள்ளதாக அறிகிறேன். பெரியது என்பது உண்மை, அழுக்கு என்பதும் உண்மை. ஆனால் அது என்ன வேலை செய்யும் என்பது அதில் இல்லை. ஆகவே அதை இங்கே விளக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

4. தொப்பை மாமா ஒரு ஐந்து வயதுக் குழந்தையின் உயரம். காலடியில் உள்ள மிதிகட்டையை அழுத்தினால் வாயைத் திறப்பார். வாயில் போட்ட கவளம் வயிற்றுக்குள் ஒரு தட்டில் விழும். வயிற்றுக்கு ஒரு கதவு உண்டு. கதவைத் திறந்தால், முதுகுத்தண்டு போன்ற ஒரு குழாயைச் சுற்றி ஐந்து கிண்ணங்கள் தொங்கும். சோறு, ரொட்டி, கிழங்குக்கு ஒன்று. பருப்பு, பயறு, முட்டை, மீனுக்கு ஒன்று. காய், கீரைக்கு ஒன்று. பழத்துக்கு ஒன்று. பால், தயிருக்கு ஒன்று. குழந்தை தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கவளத்தை மாமாவுக்கு ஊட்டி, அது எந்தக் கிண்ணத்துக்கு உரியது என்று யோசித்து, கரண்டியால் எடுத்து அதில் போட வேண்டும். ஒரே கிண்ணத்தில் கொட்டிக்கொண்டே இருந்தால் மாமா அந்தப் பக்கமாகச் சாய்ந்து, அசடு வழிகிறவர் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தால் மெல்ல நிமிர்ந்துவிடுவார். நிமிர்ந்ததும் வகுப்பு மொத்தமும் கைதட்டும்.

5. இதைச் செய்யச் சொன்னவர் மஞ்சள் வகுப்பின் ஆசிரியை. சட்டையைத் தைத்தவள் தையல் ஆலையில் வேலை செய்யும் என் மனைவி. இடுப்பு ஸ்பிரிங்கும் எதிர்எடையும் என் கைவேலை. லிஃப்டுக்கு எது சரியோ அதுதான் வயிற்றுக்கும் சரி என்று அந்த ஆசிரியைக்கு எப்படித் தோன்றியது என்று நான் இன்றும் வியக்கிறேன். சத்துணவு என்ற சொல்லை அவர் கரும்பலகையில் ஒரு நாளும் எழுதியதில்லை. கண்ணைக் கட்டிவிட்டுக் காயைத் தடவிப் பார்க்கச் சொல்வார். பயறை ஈரத்துணியில் கட்டிவைத்து முளைத்ததும் எண்ணச் சொல்வார். குழந்தைகளே கடைக்காரர்களாகி ஒருவருக்கொருவர் ஒரு முழுச் சாப்பாட்டை விற்க வேண்டும், வெறும் ரொட்டி மட்டும் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

6. என் மகளை வீட்டில் 'வாயாடி' என்று கூப்பிடுவோம். பேச்சுக்குத் திறக்கும் வாய் சாப்பாட்டுக்குத் திறக்காது. வெள்ளை ரொட்டியும் பிஸ்கட்டும்தான் உலகத்தில் உணவு என்று இருந்தவள். மாமா வந்த பிறகு அவளே காரட்டைக் கேட்டு வாங்கினாள். எனக்குப் பச்சைக் காய் ஆகாது. ஒரு நாள் என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீ அந்தப் பக்கமா சாயற" என்றாள். அன்றிலிருந்து நானும் பீன்ஸ் தின்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பாடம் பிள்ளைகளின் தலையில் ஏறவில்லை என்று யாரும் தங்களிடம் சொல்லிவிடக் கூடாது. ஏறியிருக்கிறது. ஏறியதுதான் இப்போது எங்களுக்கு வினையாக வந்து நிற்கிறது.

7. தங்கள் ஆய்வுக் குழு பள்ளிக்கு வந்ததற்கு முந்தைய நாள் மாமாவுக்கு ஊட்டும் முறை என் மகளுடையது. அன்று அவள் பெட்டியில் அவித்த முட்டை இருந்தது. பாதி முட்டையை ஊட்டி, உரிய கிண்ணத்தில் சரியாகவே போட்டாள். மாமா சாய்ந்தார். மற்றக் கிண்ணங்களில் மற்றவர்கள் போட்டார்கள். மாமா நிமிரவில்லை. இடுப்பில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஆணி கழன்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதைத் திரும்பச் செருக ஒரு நிமிடம் போதும். ஆனால் அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. நாளை சரி செய்துகொள்ளலாம் என்று ஆசிரியை சொல்ல, பிள்ளைகள் சாய்ந்து கிடந்த மாமாவுக்கு டாட்டா காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

8. மறுநாள் காலை தாங்கள் வந்தீர்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்ததை என் மகள் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தாங்கள் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தீர்கள். மாமாவின் வாயைத் திறக்கச் செய்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். முகத்தைச் சுளித்தீர்கள். பிறகு, "தூக்குங்க" என்றீர்கள். பணியாளர்கள் இருவர் அவரை ஒரு பெஞ்சுப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்ததால் துணி நனையக் கூடாதென்று ஒரு போர்வையைத் தலை முதல் கால் வரை மூடினார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஐயா, ஐந்து வயதுக் கண்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று தாங்களே ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

9. ஆசிரியை அந்நேரம் அலுவலக அறையில் தாங்கள் கேட்ட விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மொத்தமாக அழத் தொடங்கவே, தலைமையாசிரியைக்குக் கை கால் ஓடவில்லை. "மாமாவுக்கு வயித்துவலி, டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறார், சரியாயிட்டு வந்துடுவார்" என்று சொல்லிவிட்டார். அழுகை நின்றது. அந்த நேரத்துக்கு யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்லியிருப்பேன். ஆனால் மாமா வரவில்லை. வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. என் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் சிறுமி ஒருத்தி, வீட்டில் ஏதோ சாவு பார்த்தவள் போலிருக்கிறது, தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "மூடித் தூக்கிட்டுப் போனா வரமாட்டாங்க. உன் முட்டையாலதான்."

10. அன்று மாலை என் மகள் முட்டையைத் தள்ளி வைத்தாள். பிள்ளைகள் ஒன்றைத் தள்ளி வைப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம். அடுத்துப் பருப்பையும் பயறையும் தள்ளினாள், அவையும் முட்டைக் கிண்ணத்தைச் சேர்ந்தவை. அப்புறம் அவளாகவே யோசித்திருக்கிறாள். அந்தக் கிண்ணம் காலியாக இருந்து மற்றது நிறைந்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவோம் அல்லவா? அதனால் சோற்றைக் குறைத்தாள், காயைக் குறைத்தாள், பழத்தை விட்டாள். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நாற்காலியை விட்டு இறங்கி, ஒற்றைக் காலில் நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

11. அதன் பிறகு ஒரு நாள் காலை அவள் சொன்னதை எழுத்து மாறாமல் தருகிறேன். "ஒன்னுமே சாப்பிடலன்னா சாயவே மாட்டேன்பா. மாமா காலியா இருக்கும்போது நேராத்தானே நிப்பாரு."

12. ஐயா, அது உண்மை. காலியாக இருக்கும் மாமா நேராகத்தான் நிற்பார். எதிர்எடை அப்படித்தான் வேலை செய்யும். ஆசிரியை அதைக் கவனிக்கவில்லை, என் மனைவி கவனிக்கவில்லை, லிஃப்டிலேயே கிடக்கும் நான் கவனிக்கவில்லை, வாயில் டார்ச் அடித்துப் பார்த்த தாங்களும் கவனிக்கவில்லை. அத்தனை பேர் கைபட்ட ஒரு பொம்மையில், வெறும் வயிறுதான் எல்லாவற்றையும் விடப் பத்திரம் என்ற பாடமும் சேர்ந்தே இருந்திருக்கிறது. கண்டுபிடித்தது ஒரு குழந்தை.

13. இப்போது என் மகள் பால் மட்டும் கொஞ்சம் குடிக்கிறாள். அதையும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் குடிப்பாள். படுத்திருந்தால் சாய முடியாதாம். என் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டுகிறாள். புரை ஏறிவிடுமோ என்று அவளுக்குப் பயம், ஊட்டுவதை நிறுத்தினால் அதுவும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம். போன மாதம் தைத்த பாவாடை அவள் இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தி அனுப்புகிறோம். வாயாடி என்ற பெயரை வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

14. பேசிப் பார்க்காமலா இருப்போம் என்று தாங்கள் கேட்கலாம். "மாமாவுக்கு ஒன்னுமில்லம்மா, ஒரு ஆணி கழண்டுடுச்சு, அவ்வளவுதான்" என்று நானே மடியில் வைத்துச் சொன்னேன். அவள் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஆணி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். பிறகு என்ன சொன்னாலும் ஏறவில்லை.

15. வேறு பொம்மை செய்து தரலாமே என்றும் தாங்கள் கேட்கலாம். செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து அச்சு அசலாக இன்னொன்று செய்தேன். என் மனைவி அதே துணியில் சட்டை தைத்தாள். மகள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். காதுக்குப் பின்னால் தடவினாள். பழைய மாமாவின் காதுக்குப் பின்னால் அவள் கிரையானால் யாருக்கும் தெரியாமல் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாளாம். "இது மாமாவோட தம்பி" என்றாள். தம்பிக்குச் சாப்பாடு கொடம்மா என்று நான் ஒரு வாழைப்பழத் துண்டை நீட்டினேன். அவள் அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, பொம்மையின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இவனையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அன்று என் மனைவி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் எண்ணெய் துடைக்கும் கழிவுத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

16. மருத்துவர் பரிசோதித்து, உடம்பில் நோய் ஒன்றும் இல்லை என்கிறார். ஆனால் எடை இறங்கிக்கொண்டே போகிறது, நாக்கு உலர்ந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் வாயால் சாப்பிடவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆஸ்பத்திரி என்ற சொல் அவள் காதில் விழுந்ததுதான் தவறாகிவிட்டது. மாமா போன இடம் அது, போய்த் திரும்பாத இடம். வீட்டு வாசலில் கதவு நிலையை அப்படிப் பிடித்துக்கொண்டாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. என் கையைக் கடித்தாள். பிறகு அடங்கிப்போய், மிகவும் மெதுவாக, "என்னையும் துணி போட்டு மூடுவாங்களா?" என்று கேட்டாள்.

ஐயா, இதற்கு என்ன பதில் சொல்வது என்று யாரிடம் கேட்பது? சாப்பிட வைக்கவும் முடியவில்லை, சாப்பிடாத பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் முடியவில்லை. மயங்கி விழுந்தால்தான் தூக்கிப் போக முடியும் போலிருக்கிறது. இரண்டு நாளாக அவள் உறங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புகிறேன். கம்பிவடத்தில் தொங்கும்போது கவனம் இருக்க வேண்டும் என்பதால் மேற்பார்வையாளரிடம் சொல்லி விடுப்பு எடுத்துவிட்டேன்.

17. ஆகவே நேற்று முன்தினம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். தாங்கள் வெளியூர் ஆய்வுக்குச் சென்றிருப்பதாகவும், ஆய்வில் எடுக்கப்பட்ட பொருளைத் தங்கள் கையெழுத்து இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்றும் தெரிவித்தார்கள். விதி அதுதான் என்றால் அதில் எனக்கு வழக்கில்லை. பொருளறைக் காப்பாளர் இரக்கப்பட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். பார்த்தேன். மாமா குப்புறக் கிடக்கிறார். முதுகின் மேல் உடைந்த நாற்காலிகள் இரண்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. மிதிகட்டை எதிலோ மாட்டிக்கொண்டதால் வாய் திறந்தபடி இருக்கிறது. வீட்டில் மகள் கேட்டபோது, மாமா தூங்குகிறார் என்று சொன்னேன். என் வாயிலும் ஆஸ்பத்திரிப் பொய்தான் வந்தது.

18. அவர் வயிற்றில் எறும்பு இருந்தது என்பதைத் தாங்கள் குறிப்பில் எழுதியிருப்பதாக அறிகிறேன். அது நியாயமான குறிப்பு. முந்தைய நாள் முட்டை உள்ளேயே தங்கிவிட்டது, எறும்பு வராமல் என்ன செய்யும்? அனுமதிக்கப்பட்ட கற்பித்தல் பொருள்களில் தொப்பை மாமா இல்லை என்பதும் நியாயமே. ஆசிரியைமீதோ, தலைமையாசிரியைமீதோ, தங்கள் பணியாளர்கள்மீதோ, பக்கத்தில் உட்காரும் அந்தச் சிறுமிமீதோ எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இதைப் புகார் மனுவாகத்தான் தர வேண்டும் என்றார்கள், தந்திருக்கிறேன். யார்மீது புகார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லோரும் நல்லதைத்தான் செய்திருக்கிறோம், நடுவில் ஒரு குழந்தை பட்டினி கிடக்கிறது.

19. மேற்படி காரணங்களால் தங்களிடம் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) தொப்பை மாமாவை வரும் திங்கட்கிழமைக்கு முன்னதாக (நாளை சனிக்கிழமையும் வகுப்பு உண்டு), ஒரே ஒரு நாளுக்கு, மஞ்சள் வகுப்புக்கு அனுப்ப ஆணையிட வேண்டும். அதன் பின் அவரை எடுத்துக்கொள்வதானால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் எடுப்பதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது.

(ஆ) அனுப்புவதற்கு முன் பொருளறையில் அவரோடு இருக்க எனக்குச் சிறிது நேரம் அனுமதி தர வேண்டும். வயிற்றைக் கழுவி, எறும்பைத் துடைத்து, ஆணியைச் செருகுவேன். அத்துடன் இடுப்பு ஸ்பிரிங்கையும் மாற்ற விரும்புகிறேன். புது ஸ்பிரிங் போட்டால், வயிறு காலியாக இருக்கும்போது மாமாவால் நிற்க முடியாது, உட்கார்ந்துவிடுவார். ஐந்து கிண்ணத்திலும் கொஞ்சம் விழுந்த பிறகுதான் எழுந்து நிற்பார். வீட்டில் தம்பிப் பொம்மையில் போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டேன், நன்றாக வேலை செய்கிறது.

(இ) அன்று ஒரு நாள் மட்டும் உணவுப் பொருளை வகுப்புக்குள் கொண்டுவர ஆசிரியைக்கு விலக்கு அளிக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் நானே துடைத்துத் தருவதாக எழுதிக் கையெழுத்திடுகிறேன். ஆசிரியை இதற்கு அஞ்சுகிறார். தாங்கள் விளக்கம் கேட்ட நாளிலிருந்து பயறுத் துணியைக்கூட அவிழ்த்துப் போட்டுவிட்டார். பயப்பட வேண்டாம் என்று தங்கள் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை போனால் நல்லது.

(ஈ) அவரைக் கொண்டுவரும்போது தயவுசெய்து பலகையில் படுக்கவைக்க வேண்டாம். மழை பெய்தாலும் துணி போட்டு மூட வேண்டாம். நிமிர்த்தி, முகம் எல்லோருக்கும் தெரியும்படி, வாசல் வழியாகவே கொண்டுவர வேண்டும். நனைந்தால் என் மனைவி வேறு சட்டை தைத்துவிடுவாள்.

(உ) இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முடிந்தால் தாங்களும் அன்று உடன் வர வேண்டும். அதே வெள்ளைச் சட்டையில் வந்தால் இன்னும் உத்தமம். என் மகளைப் பொறுத்தவரை டாக்டர் என்பவர் தாங்கள்தான். பள்ளிக்கூடத்திலிருந்து மாமாவை அழைத்துப் போனவர், அதனால் திருப்பிக் கொண்டுவர வேண்டியவரும் தாங்களே. நான் சொன்னால் அவள் நம்புவதில்லை, அவள் அம்மா சொன்னாலும் நம்புவதில்லை. மாமா எழுந்து நின்ற பிறகு, "நல்லா இருக்காரு, முட்டையால ஒன்னும் ஆகலை" என்று தாங்கள் சொன்னால் போதும். தங்களைப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அந்த நேரத்தில் அது உண்மையாகவே இருக்கும்.

20. தாங்கள் மறுத்தால் அடுத்து யாரிடம் போவது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவு நிலையைத் தாண்ட வேண்டியிருக்கும். அதைச் செய்ய என்னால் முடியாது என்று சொல்லவில்லை, செய்வேன். அதற்குப் பிறகு அவள் யாரை நம்பி வாய் திறப்பாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தங்கள் ஒரு கையெழுத்தில் அது தவிர்க்கப்படும் என்று நம்பி இம்மனுவை ஒப்படைக்கிறேன்.

இணைப்பு: மருத்துவர் சான்று, மகளின் புகைப்படங்கள் இரண்டு, ஒன்று மாமாவுக்கு ஊட்டும்போது எடுத்தது, மற்றொன்று இன்று காலை எடுத்தது.

இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரம்
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்காக இங்கேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)
மஞ்சள் வகுப்புச் சிறுமியின் தகப்பன்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து ஒப்பமிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். மகள் படுத்தபடியே, "அப்பா டாக்டரைப் பாத்துட்டாரா?" என்று கேட்டாளாம். பார்த்துவிட்டார் என்று என் மனைவி சொல்லிவிட்டாளாம். "மாமா சாப்பிட்டாருன்னா நானும் சாப்பிடறேன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லு" என்றாளாம். ஐயா, நான் தங்களை இன்னும் பார்க்கவில்லை. தங்கள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே கூட்டம் நடப்பதாகச் சொல்கிறார்கள். நான் எதிர் பெஞ்சில் இருக்கிறேன். ஆணியும் ஸ்பிரிங்கும் என் பையில் இருக்கின்றன.